சுடரடுப்பும் சொல்லும்

(தமிழ்வழியில் அறிவியல் பயிலும் மாணவரும் ஆசிரியரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வேதியியல் ஆய்வகத்தினுள் முதன்முதலாக அடியெடுத்து வைக்கும் மாணவனின் கண்ணில் படுவது, பணிப்பலகைமேல் நிற்கும் ஒரு சிறு குழாய். அஃது ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுடையது; கனத்த அடிப்பகுதியின்மேல் நிமிர்ந்து நிற்பது. அடியில் ஒரு துளை. துளையைச் சுற்றி ஒரு வளையம். பக்கத்தில் எரிவளி வரும் இரப்பர்க் குழாய். இவ்வளவே அதன் உறுப்புகள். அதனைப் புன்சன் விளக்கு என்பர் சிலர். புன்சன் சுடரடுப்பு என்பர் சிலர். ஆங்கிலப் பெயரையே நாவில் உருட்டுவார் பலர்.

தமிழால் அறிவியலைச் சொல்ல இயலுமா என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களுக்கு மேடையில் முழங்கி விடை கூறுவதினும், ஆய்வகத்திலுள்ள ஒரு கருவியை எடுத்து, அதன் பிறப்பு, உறுப்பு, இயக்கம், பயன், இடர் ஆகிய அனைத்தையும் தமிழிலேயே விளங்கச் சொல்லிக் காட்டுவது மேல். அதற்கு இந்தச் சுடரடுப்பே போதும். மேலும், தீயோடு உறவாடும் கருவி இது. இதன் இயல்பை விளங்காமல் மனப்பாடம் செய்தவன் தேர்வில் மதிப்பெண் பெறலாம். ஆனால் அவன் கைக்கும் கண்ணுக்கும் காப்பில்லை.

துருத்தியும் ஊதுகுழலும்

தீக்குக் காற்றூட்டினால் வெம்மை மிகும் என்னும் உண்மை தமிழனுக்குப் புதிதன்று. கொல்லன் உலைக்களமும் தோல் துருத்தியும் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றவை. பொற்கொல்லன் ஊதுகுழலை வாயில் வைத்து, விளக்குச் சுடரின் குறுக்கே ஊதி, மங்கலாய் எரிந்த சுடரை ஊசிமுனைபோற் கூராக்கிப் பொன்னை உருக்கினான். ஆயினும் துருத்திக்கு ஒரு கை வேண்டும். ஊதுகுழலுக்கு ஒருவன் மூச்சு வேண்டும். கையும் மூச்சும் தளர்ந்தால் சுடரும் தளரும். தானே காற்றை இழுத்துக் கொண்டு, அளவு மாறாமல், புகையில்லாமல் எரியும் ஒரு சுடர் வேண்டும் என்பதே வேதியியலார் நெடுநாள் தேடிய தேட்டம்.

நிலக்கரியை மூடிய கலத்திற் சுட்டு அதினின்று எரிவளி எடுக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகர்களிற் பரவியது. தெருவிளக்குகள் அவ்வளியால் எரிந்தன. ஆனால் தெருவிளக்குக்கு வேண்டியது ஒளி. ஆய்வகத்திற்கு வேண்டியதோ வெப்பம். ஒளி மிகுந்த மஞ்சட் சுடர் கலத்தின் அடியிற் கரியை அப்பியது. இலண்டனில் மைக்கேல் பாரடே 1827இல் வெளியிட்ட வேதியியற் செய்முறை நூலிலேயே எரிவளியைக் காற்றோடு சேர்த்து எரிக்கும் ஓர் அடுப்பைப்பற்றி எழுதினார். ஆகவே இக்கருவி ஒருவர் தலையில் ஒரே நாளில் முளைத்ததன்று.

ஐடெல்பர்க்கில் நிகழ்ந்தது

செருமனி நாட்டுக் கோட்டிங்கனில் 1811இற் பிறந்தவர் இராபர்ட்டு வில்கெல்ம் புன்சன். இளமையில் ஆர்செனிக்குச் சேர்மம் ஒன்றை ஆய்ந்துகொண்டிருந்தபோது கலம் வெடித்து வலக்கண்ணின் பார்வையை இழந்தவர். ஒரு கண்ணை ஆய்வகத்திற்கு ஈந்த அவ்வறிஞர், 1852இல் ஐடெல்பர்க்குப் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். அவருக்கெனப் புதிய ஆய்வகம் ஒன்று எழும்பி 1855இல் திறக்கப்பெற்றது. அந்நகருக்கு அப்பொழுதுதான் நிலக்கரி எரிவளி வந்திருந்தது. அவ்வளியைப் புதிய ஆய்வகத்தின் பணிப்பலகைகளுக்கும் கொணர்ந்தனர்.

வளி வந்தது; தக்க அடுப்பு இல்லை. எரிவளி வாயில் வந்தபின் காற்றோடு கலந்து எரிவதற்கு மாறாக, எரியுமுன்னரே இரண்டும் குழாயினுள் தக்க அளவிற் கலந்துவிட வேண்டும் என்பது புன்சனின் கருத்து. கருத்தைக் கருவியாக்கியவர், அப்பல்கலைக்கழகத்தின் கருவிவினைஞர் பீட்டர் தேசாகா. பேராசிரியரின் எண்ணமும் கம்மியரின் கையும் சேர்ந்து பிறந்ததே இச்சுடரடுப்பு. இதன் அமைப்பைப் புன்சனும், அவரிடம் பயில இங்கிலாந்திலிருந்து வந்த என்றி இராசுக்கோவும் 1857இல் எழுதி வெளியிட்டனர். புன்சன் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. வேண்டுவோர் செய்து கொள்க என்று உலகிற்கு விட்டுவிட்டார்.

இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கருவி புன்சன் பெயரால் வழங்குகிறது. உளி பிடித்தும் திருகு கடைந்தும் அதனை ஆக்கிய தேசாகாவின் பெயரை அறிந்தவர் சிலரே. உழைத்த கையின் பெயர் மறைவது எந்நாட்டிலும் உள்ள நோய். தமிழ்ப் பாடநூலாவது இவ்விருவர் பெயரையும் ஒருங்கே எழுதுக.

உறுப்பும் இயக்கமும்

சுடரடுப்பின் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் இட்டுப் பார்த்தாலே அதன் இயக்கம் விளங்கிவிடும். அடியில் இருப்பது அடித்தட்டு. கருவி சாயாமல் தாங்குவது. அதன் நடுவே ஊசித்துளை. எரிவளி பீறிட்டு வெளிவரும் இடம். அதற்குச் சற்று மேலே குழாயின் பக்கத்தில் காற்றுத்துளை. அத்துளையைத் திறக்கவும் மூடவும் சுழலும் வளையம், காற்றடை வளையம். அதன்மேல் நிமிர்ந்து நிற்பது கலப்புக்குழாய். அதன் வாயில் எரிவது சுடர்.

ஊசித்துளை வழியே எரிவளி விரைந்து பாயும்பொழுது, அவ்விரைவே சுற்றிலுமுள்ள காற்றைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. துருத்திக்காரன் இல்லாமலே இங்குத் துருத்தி இயங்குகிறது; ஓடும் வளியே தனக்கு வேண்டும் காற்றைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டும் கலப்புக்குழாயிற் கலந்து மேலேறி வாயில் எரிகின்றன.

காற்றுத்துளையை மூடிவிட்டால் சுடர் மஞ்சளாகி அலைந்தாடும். உள்ளே காற்றுப் போதாமையால் எரிவளியிலுள்ள கரி முற்றும் எரியாமல் நுண்துகளாகப் பிரிந்து, வெம்மையில் ஒளிர்கிறது. அவ்வொளிர்வே மஞ்சள் நிறம். அச்சுடரின்மேல் குளிர்ந்த ஓட்டைக் காட்டினால் கரி படியும். காற்றுத்துளையைத் திறந்தால் சுடர் நீலமாகி நிலைத்து, மெல்லிய இரைச்சலோடு எரியும். இதன் வெம்மை ஏறத்தாழ 1500 செல்சியசு அளவை எட்டும். பகல் வெளிச்சத்தில் இச்சுடர் கண்ணுக்குத் தெரியாமலே நிற்கும். ஆதலால் வேலையில்லாப் பொழுதில் அடுப்பை எரியவிட நேர்ந்தால் மஞ்சட் சுடராக வைப்பது முறை. மஞ்சள் கண்ணுக்குக் காப்பு. நீலம் வேலைக்குக் கருவி.

நீலச்சுடரினுள்ளே ஒரு கூம்பு தெரியும். அக்கூம்பினுள் இருப்பது இன்னும் எரியாத கலவை. அங்கே வெம்மை இல்லை. ஒரு குண்டூசியைத் தீக்குச்சியின் தலைக்குக் கீழே குத்தி, எரிவளி திறக்குமுன் அதனைக் குழாய்வாயின் நடுவே தொங்கவிட்டுப் பின்னர்ச் சுடரேற்றினால், சுற்றிலும் தீ எரியத் தீக்குச்சி பற்றாமல் நிற்பதைக் காணலாம். தீயின் நடுவே குளிர்ச்சி! மாணவர் வியந்து மறவாத செய்முறை இது. மிக்க வெம்மை இருப்பது உட்கூம்பின் நுனிக்குச் சற்று மேலே. இதனை அறியாதவன் கலத்தைக் குழாய்வாயை ஒட்டி வைத்து, நெடுநேரம் சுட்டும் சூடேறவில்லை என்று வருந்துவான்.

இன்னுமொரு செய்முறை. எரியாத அடுப்பின்மேல் இரண்டு விரல் உயரத்தில் கம்பிவலையைப் பிடித்து எரிவளியைத் திறந்து, வலைக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினால், சுடர் வலைக்கு மேலேயே எரியும், கீழே இறங்காது. கம்பி வெம்மையைப் பரப்பி உறிஞ்சிவிடுதலால், வலைக்குக் கீழுள்ள வளி பற்றும் அளவுக்குச் சூடேறுவதில்லை. இவ்வொரு கருத்தைக்கொண்டே 1815இல் அம்பிரி தேவி என்னும் ஆங்கில அறிவியலார், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு வெடிப்புத் தடுக்கும் வலைவிளக்கைச் செய்தார். ஆய்வகப் பலகையின் சிறு விளையாட்டு, மண்ணுக்கடியில் மாந்தர் உயிரைக் காத்தது.

ஏற்றுமுறையும் தீ உள்வாங்கலும்

சுடரடுப்பை ஏற்றும் முறை எளியது. வரிசை பிறழாமையே அதில் வேண்டுவது. முதலில் இரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா, இரு முனையும் இறுகப் பொருந்தியுள்ளனவா என்று பார்க்க. பின்னர்க் காற்றுத்துளையை மூடுக. அதன்பின் தீக்குச்சியைக் கொளுத்துக. அதற்குப் பிறகே எரிவளியைத் திறந்து, தீயைப் பக்கவாட்டிலிருந்து குழாய்வாய்க்குக் கொணர்க; முகத்தைக் குழாய்க்கு நேரே நீட்டற்க. சுடர் நிலைத்தபின் காற்றுத்துளையை மெல்லத் திறக்க. வளியை முன்னே திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுகிறவன், தன்னைச் சூழ வெடிக்கும் கலவையைத் தானே பரப்புகிறான். தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் வீட்டு அடுப்புக்குரிய உருளை எரிவளியே ஆய்வகத்திலும் எரிகிறது. அவ்வளி காற்றினும் கனமானது; கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையிற் படிந்து கிடக்கும். ஆதலால் அதன் நாற்றம் தோன்றியவுடன் தீக்குச்சியையும் மின்விசையையும் தொடாமல், உருளையை மூடிக் கதவும் பலகணியும் திறத்தல் வேண்டும்.

இன்னுமோர் இடர் உண்டு. காற்றுத்துளை அகலத் திறந்திருக்க, எரிவளியின் ஓட்டம் குறைந்துவிட்டால், கலவை மேலேறும் விரைவினும் தீ கீழிறங்கும் விரைவு மிகுந்துவிடும். அப்பொழுது சுடர் பொட்டென்ற ஒலியோடு குழாயினுள் இறங்கி ஊசித்துளையிலேயே எரியும். வாயிற் சுடர் இல்லை; அடுப்பு அணைந்துவிட்டது என்று மாணவன் எண்ணுவான்; கையால் தொடுவான்; தோல் வெந்துபோகும். முற்றும் எரியாத நச்சுவளியும் வெளிவரும். நீரகம் மிகுந்த பழைய நிலக்கரி வளியில் தீ பரவும் விரைவு மிகுதியாதலால் இவ்விடர் அடிக்கடி நேர்ந்தது. இதற்கு மருந்து ஒன்றே: எரிவளியை உடனே நிறுத்துக, குழாய் ஆறும்வரை பொறுக்க, காற்றுத்துளையை மூடி மீண்டும் ஏற்றுக.

அன்பர்களே, இங்குத்தான் சொல்லின் வன்மை வெளிப்படுகிறது. இந்நிகழ்ச்சிக்குரிய ஆங்கிலத் தொடரை நெட்டுருச் செய்த தமிழ்ச் சிறுவனுக்கு அஃது ஓர் ஒலி, வினாத்தாளுக்கு விடை. 'தீ உள்வாங்கல்' என்று கேட்ட சிறுமிக்கோ அஃது ஒரு காட்சி. தீ எங்கே போயிற்று என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. தீ உள்ளே இருக்கிறது என்று அறிந்தவள் குழாயைத் தொடமாட்டாள். விளங்கும் சொல் கையைக் காக்கும்.

சுடும் முறை

ஆய்வுக்குழாயில் நீர்மத்தைச் சுடும்பொழுது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் நிரப்பலாகாது. குழாயின் மேற்பகுதியை இடுக்கியாற் பற்றி, சாய்த்துப் பிடித்து, சுடரில் இடையறாது அசைத்தல் வேண்டும். அடியை மட்டும் அசையாமற் சுட்டால், அடிநீர் ஆவியாகிக் குமிழாய் எழுந்து, மேலுள்ள நீரனைத்தையும் கொதிக்கக் கொதிக்க வெளியே வீசும். ஆதலால் குழாயின் வாய் எவர் முகத்தையும் நோக்காதிருக்க வேண்டும். சுடுபவனையும், எதிரே நிற்கும் தோழனையும், பின்னால் நிற்கும் ஆசிரியனையும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். புன்சன் இழந்த கண்ணே இதற்குச் சான்று.

முகவையைச் சுட முக்காலியும் கம்பிவலையும் வேண்டும். வலை வெம்மையைப் பரப்பித் தருவதால் கண்ணாடி ஓரிடத்தில் மட்டும் விரிந்து பிளப்பதில்லை. முற்காலத்து வலைகளின் நடுவே கல்நார் பூசியிருந்தனர். அதன் நுண்ணிழைகள் நுரையீரலைக் கெடுப்பன என்று தெளிந்தபின் அதனை விலக்கிச் சுட்டமண் பூசிய வலைகளைக் கொண்டனர். பழைய கல்நார் வலை எஞ்சியிருக்கும் பள்ளி அதனை இன்றே அகற்றுக. சாராயம், ஈத்தர் போன்ற எளிதிற் பற்றும் நீர்மங்களைச் சுடரின்மேல் வைக்கவே கூடாது; சுடரை அணைத்துவிட்டு, வெந்நீர்க் கலத்துள் அமிழ்த்தியே சூடேற்ற வேண்டும். கூந்தலையும் மேலாடையையும் முடிந்துகொள்க. சுட்ட கண்ணாடியும் சுடாத கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றே. ஆதலால் சுட்டதற்கென ஓரிடம் ஒதுக்குக. தோல் சுட்டுவிட்டால் மையும் நெய்யும் தடவாமல், ஓடும் தண்ணீரில் 20 மணித்துளி காட்டுதலே முதலுதவி.

சுடர் காட்டிய புதுமை

நிறமற்ற சுடர் கிடைத்ததால் விளைந்த பயன் வெப்பம் மட்டுமன்று. மஞ்சட் சுடரில் எப்பொருளை இட்டாலும் சுடரின் நிறமே மேலோங்கும். நீலச்சுடரிலோ பொருள் தன் நிறத்தைத் தானே காட்டும். கறியுப்பு இட்டால் மஞ்சள். பொட்டாசியச் சேர்மம் இட்டால் வெளிர் ஊதா. கால்சியம் எனின் செங்கற் சிவப்பு. செம்பு எனின் பச்சை. காடியில் தோய்த்துத் தூய்மையாக்கிய பிளாட்டினக் கம்பி ஒன்றிருந்தால் இவ்வாய்வை எவரும் செய்யலாம்.

புன்சனும் அவர் நண்பர் குசுத்தாவு கிர்ச்சாப்பும் அந்நிற ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தி, ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய கோடுகளைக் கண்டனர். 1860இல் தூர்க்கைம் என்னும் ஊரின் ஊற்றுநீரை ஆய்ந்தபொழுது, அறிந்த எத்தனிமத்திற்கும் உரியனவல்லாத நீலக்கோடுகள் தோன்றின. அதுவே சீசியம். அடுத்த ஆண்டிலேயே செங்கோடுகளால் உருபிடியம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 40,000 கிலோகிராம் ஊற்றுநீரை வற்றவைத்து அவர்கள் திரட்டிய புதுத்தனிம உப்புகள் சில கிராம் அளவே. கதிரவனில் என்ன பொருள் உள்ளது என்பதையும் அவ்வொளிக்கோடுகளே உரைத்தன. கம்மியன் கடைந்த ஒரு குழாய், வானத்தைப் படிக்கும் வாயிலைத் திறந்தது.

செருமானியர் காட்டிய நெறி

இத்தனை ஆய்வும் எம்மொழியில் நிகழ்ந்தன? செருமானிய மொழியில். இலத்தீனைப் பற்றிக்கொண்டு அவர்கள் நிற்கவில்லை. இங்கிலாந்து நாட்டு இராசுக்கோ அம்மொழியிலேயே பயின்றார். பின்னாளில் தனிம வரிசையைக் கண்ட உருசிய நாட்டு மெண்டலீவும் 1859இல் ஐடெல்பர்க்குக்கு வந்தார்.

செருமானியர் உயிர்வளியைப் 'புளிப்புப்பொருள்' என்னும் கருத்துடைய தம் சொல்லால் வழங்குவர்; நீரகத்தை 'நீர்ப்பொருள்' என்பர்; கரிமத்தைக் 'கரிப்பொருள்' என்பர். பிரெஞ்சு அறிவியலார் ஆக்கிய பெயர்களின் கருத்தை வாங்கிக்கொண்டு, சொல்லைத் தம் மொழியின் வேரிலிருந்து ஆக்கினர். உயிர்வளி இல்லாத காடிகளும் உண்டு என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே 'புளிப்புப்பொருள்' என்பது முற்றும் பொருந்தும் பெயரன்று. ஆயினும் அச்சொல் இன்றும் வாழ்கிறது. செருமானிய வேதியியல் அதனாற் குன்றிவிடவில்லை. தமிழ்ச்சொல் நூற்றுக்குநூறு பொருந்தவில்லை என்று குறைகூறித் தள்ளுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் இச்சுடரடுப்புக்கு இட்ட பெயரும் 'புன்சன் எரிப்பான்' என்பதே. கண்டவரின் பெயரை மாற்றாமற் போற்றினர். கருவியின் பெயரைத் தம் மொழியில் வைத்தனர். தனித்தமிழ் நெறியும் இதுவே. புன்சனைப் புன்சன் என்றே சொல்லுக. அடுப்பை மட்டும் அடுப்பு என்க. பிறநாட்டு அறிவை வெறுப்பது தமிழ்ப்பற்று ஆகாது. அறிவைப் பெற்றும் தன் சொல்லை இழப்பது அறிவுடைமை ஆகாது.

சுடரடுப்புத் தோன்றி 20 ஆண்டுக்குள், 1875இலேயே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் முயற்சியால் தமிழில் வேதியியல் நூல் அச்சேறியது. 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச்சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. இயலாது என்பார்க்கு இவ்வரலாறே விடை.

ஆயினும் தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு சொல் உண்டு. சொற்பட்டியல் அச்சிட்டு அடுக்கிவிட்டால் அறிவியல் வளர்ந்துவிடாது. கைபடாத சொல் ஏட்டிலேயே உறங்கும். காற்றுத்துளை என்னும் சொல்லை மாணவன் தாளில் எழுதினால் மட்டும் போதாது. துளையைத் தன் விரலால் திறந்து, மஞ்சள் நீலமாவதைத் தன் கண்ணாற் கண்டு, அப்பொழுது அச்சொல்லை வாயாற் சொல்ல வேண்டும். பூட்டிய ஆய்வகத்தின் முன் நின்று தமிழ்வழிக் கல்வியைப் பேசுவது, எரியாத அடுப்பில் உலை வைப்பதை ஒக்கும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே! ஆய்வகத்தின் பூட்டைத் திறமின். உறுப்புகளின் தமிழ்ப்பெயர்களை எழுதி ஒவ்வொரு பணிப்பலகையிலும் ஒட்டுமின். ஏற்றுமுறையைச் சுவரிலே தமிழில் எழுதி வைம்மின். மாணவச் செல்வங்களே! வாய்க்கு விளங்காத ஒலியோடு தீயை அணுகாதீர்கள். தீக்குச்சி முன்னே, எரிவளி பின்னே. மூடிய துளை முன்னே, திறந்த துளை பின்னே. இவ்விரு வரியை நெஞ்சிற் கொண்டால் சுடரும் உங்களுக்கு அடங்கும். அதனை விளக்கிய தமிழும் உங்கள் கையில் வாழும்.

வெல்க தமிழ்!